புளியாணச் சட்டியும் பம்பி வாசரும்

எங்கள் வீட்டில் புளியாணம் அலுமினியச் சட்டியில் ஏறியதே இல்லை. மண்சட்டி உடைந்துபோய் வேறொன்று கைக்கு வராத நாளில் உம்மா கறியை மாற்றிவிடுவா, சட்டியை மாற்றமாட்டா. கேட்டால், "புளி சட்டியத் திண்டுரும் மகன்" என்பா. அக்கரைப்பற்றில் அநேகமான உம்மாமார் இதைத்தான் சொல்வார்கள். எருமைத் தயிரும் மண்சட்டியில்தான் உறைகிறது. காரணம் கேட்டால் குளிர்ச்சி, ருசி என்று பல சொல்வார்கள். ஆனால் புளி சட்டியைத் தின்னும் என்ற அந்த ஒரு வரி சுத்தமான இரசாயனம்.

அலுமினியம் உண்மையில் காற்றுப் பட்டவுடன் தன் மேல் ஓர் ஒட்சைட்டுத் தோலைப் போர்த்துக்கொள்ளும் உலோகம். அந்தத் தோல்தான் அதைக் காப்பாற்றுகிறது. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பி.எச். அளவுகோலில் 4க்கும் 8.5க்கும் இடையே தோல் நிலைத்து நிற்கும். அதற்குக் கீழே அமிலமும், மேலே காரமும் தோலைக் கரைத்துவிடும். புளிக்கரைசல் 3க்குப் பக்கத்தில் நிற்பது. மண்சட்டியோ ஏற்கெனவே சூளையில் வெந்து ஒட்சைட்டாகவும் சிலிக்கேற்றாகவும் ஆகிப்போன பொருள். அதனிடமிருந்து புளி பறித்தெடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

தொழிற்சாலைப் பம்பிக்குள் இருக்கும் ஒரு சின்ன வளையத்தைத் தெரிவு செய்வதும் இதே வேலைதான். ஒரு வித்தியாசம் உண்டு. சட்டி விறைத்து நின்றால் போதும். வளையம் நசுங்கவும் வேண்டும், நசுக்கியது விட்டதும் திரும்பவும் வேண்டும்.

கடைக்குப் போய் இந்த வளையத்தை, அதாவது வாசரை, கேட்டுப் பாருங்கள். நான் ஒருமுறை கேட்டேன்: "காக்கா, இது என்ன றப்பர்?"

"கறுப்பு றப்பர் தம்பி. நல்ல சாமான்."

அவர்மேல் பிழை சொல்ல முடியாது. பெட்டிக்குள் இருந்தவை அத்தனையும் கறுப்புத்தான். றப்பருக்கு வலு சேர்க்கக் கரித்தூள் கலக்கிறார்கள். அதனால் நைட்ரைலும் கறுப்பு, நியோப்ரீனும் கறுப்பு, ஈ.பி.டி.எம். என்று சொல்லப்படுவதும் கறுப்பு, விட்டனும் பல வேளை கறுப்பு. மேசையில் ஒன்றாய்க் கிடந்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. கையில் எடுத்தால் விட்டன் மட்டும் கொஞ்சம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.8 மடங்கு இருப்பதால் பாரம் தெரியும். மற்றவை ஒன்றுக்குச் சற்று மேலே நிற்பவை.

இந்த வளையத்தின் வேலை என்ன? பம்பிக்குள் சுழலும் தட்டை மோட்டாரோடு இணைப்பது ஓர் இரும்பு அச்சு. அந்த அச்சு பம்பியின் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். துளை இருந்தால் ஒழுக்கு இருக்கும். பழைய வழி, அச்சைச் சுற்றி கொழுப்பில் ஊறிய சணல் கயிற்றைத் திணித்து இறுக்குவது. அதைக் கிளாண்ட் பெக்கிங் என்பார்கள். இன்றும் நெல் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பழைய பம்பிகளில் அதுதான். அது சொட்டுச் சொட்டாய் ஒழுக வேண்டும், ஒழுகினால்தான் சூடேறாமல் ஓடும். தண்ணீர் ஒழுகினால் யாருக்கும் நட்டமில்லை. அமிலம் ஒழுகினால் பம்பியின் அடித்தளமும் பக்கத்தில் நிற்பவரின் காலும் போகும்.

ஆகவே இயந்திரச் சீல் வந்தது. இரண்டு வட்டத் தட்டுகள் முகத்தோடு முகம் உரசும். ஒன்று அச்சோடு சுழலும், மற்றது நிற்கும். முகங்கள் எவ்வளவு சமதளம் என்றால், ஒளியலையின் பட்டிகளைக் கொண்டுதான் அளக்கிறார்கள். ஒரு பட்டி ஏறத்தாழ 0.3 மைக்குரோன். இரண்டுக்கும் நடுவே திரவத்தின் மெல்லிய படலம் மட்டும் இருக்கும். முகங்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிப்பது ஒரு சுருள். முகத்துக்குப் பின்னால் திரவம் நழுவாமல் காப்பது றப்பர் ஓ-ரிங். ஓ-ரிங்குக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் டென்மார்க்கிலிருந்து குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டன்சன். விண்ணப்பித்தது 1937இல், கிடைத்தது 1939இல்.

ஆக, சீல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று ஆட்கள் இருக்கிறார்கள். தட்டு, சுருள், றப்பர். அமிலம் மூவரையும் ஒரேபோல் நடத்தாது. வாங்குபவர் பெரும்பாலும் றப்பரை மட்டும் விசாரிக்கிறார்.

இனி அக்கரைப்பற்றிலிருந்து மேற்கே, உள்நாட்டுக்குள் போவோம். கல்லோயாத் திட்டம் தந்த நீரில் கரும்பு வளர்த்த நிலங்களுக்கு நடுவே ஹிங்குரானைச் சீனித் தொழிற்சாலை நிற்கிறது. 1990களின் பிற்பகுதியில் மூடப்பட்டு, கல்லோயா பிளான்டேஷன் என்ற நிறுவனத்தின் கீழ் மீண்டும் ஓடத் தொடங்கிய ஆலை அது. அதன் கருவிப் பட்டியல் என் கையில் இல்லை. ஆனால் கரும்பிலிருந்து சீனி எடுக்கும் எந்த ஆலையிலும் சாறு போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். சீல் தெரிவைப் படிக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் நம் கரையில் இல்லை.

ஆட்டிய சாறு பி.எச். 5 முதல் 5.5 வரை இருக்கும். நாக்குக்கு இனிப்பு, இரசாயனத்துக்குப் புளிப்பு. அப்படியே சூடாக்கினால் சீனி உடைந்து குளுக்கோசும் பிரக்டோசுமாகப் பிரியும், மணியாய் உறையாது. ஆகவே சுண்ணாம்புப் பால் ஊற்றி 7க்கு மேல் கொண்டுவந்து, கொதிநிலைக்குச் சற்று மேலே காய்ச்சித் தெளிய விடுகிறார்கள். சுண்ணாம்பு கூடினாலும் ஆபத்து, பாகு கறுக்கும். பிறகு ஆவியாக்கிகளில் வற்றவைத்து, பாகாக்கி, மணியாக்கி, மிஞ்சும் கழிபாகை நொதிக்கவிட்டு எரிசாராயம் எடுப்பார்கள். வடித்தபின் மிஞ்சும் கழிவு மீண்டும் 4 அளவில், கொதிக்கக் கொதிக்க வரும்.

இதில் எந்த இடத்திலும் பயங்கரமான அமிலம் இல்லை. புளியாணத்தைவிடச் சாறு சாது. சாதாரண நைட்ரைல் வளையம் போட்டாலே பருவம் முழுக்க ஓடிவிடும்போல் தோன்றும். வினை வருவது கழுவும் நாளில். ஆவியாக்கிக் குழாய்களில் படியும் சுண்ணச் செதிலை எடுக்க முதலில் சூடான கோஸ்டிக் சோடா, அதன்பின் நீர்த்த அமிலம் என்று கழுவுவது சீனி ஆலைகளின் வழமை. கோஸ்டிக் சோடா பி.எச். 13ஐத் தாண்டும். பிறகு வரும் அமிலம் 1 பக்கத்தில் இறங்கும். இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு படிகள். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. 1909இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பியர்க் கம்பனியின் ஆய்வுகூடத்தில் சோரன்சன் இந்த அளவுகோலை உருவாக்கியபோது, நொதியங்களை ஆராயத்தான் அது தேவைப்பட்டது. பம்பி வாசருக்கு அது கோடி கோடியாய்ப் பெருக்கிக் காட்டும் கண்ணாடியாகும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

சாற்றுக்கு வளையம் வாங்கினால் சாறு ஓடும் நாட்களில் மட்டும் அது காக்கும். கழுவும் நாளுக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் ஒரு விடயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

சரி, விலை கூடினதையே வாங்கிப் போட்டுவிட்டால்? விட்டன் விலை கூடினது, 1957இல் டியூபொன்ட் கம்பனி சந்தைக்குக் கொண்டுவந்தது. எண்ணெயையும் சூட்டையும் சல்பூரிக் அமிலத்தையும் தாங்கும். ஆனால் சூடான கோஸ்டிக் சோடாவிடம் அது தோற்றுப்போகும். விட்டனின் சங்கிலியில் புளோரினும் ஐதரசனும் பக்கத்துப் பக்கத்துக் காபன்களில் உட்கார்ந்திருக்கின்றன. காரம் வந்ததும் இரண்டையும் சோடியாகக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறது. அந்த இடத்தில் இரட்டைப் பிணைப்பு உண்டாகி, அங்கிருந்து புதிய குறுக்குப் பிணைப்புகள் கிளைத்து, வளையம் விறைத்து வெடிக்கிறது. மலிவான ஈ.பி.டி.எம். அதே சோடாவில் ஒன்றும் நடக்காததுபோல் கிடக்கும். அதன் முதுகெலும்பில் காரம் பிடித்து இழுக்கப் பிடியே இல்லை.

ஈ.பி.டி.எம்.முக்கு எதிரி எண்ணெய். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கெடுத்துத் தெரிந்துகொண்டேன். புது வளையத்தை இடத்தில் ஏற்றுவது கஷ்டமாயிருக்க, பக்கத்திலிருந்த கிறீஸை விரலில் எடுத்துப் பூசிவிட்டேன். மறுபடி கழற்றியபோது அது பள்ளத்துக்குள் ஊறிய இடியப்பம்போல் ஊதிக் கிடந்தது. சவர்க்காரத் தண்ணீரோ சிலிக்கன் கிறீஸோ பூசியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

காரத்தின் குணத்தை இந்தக் கரையில் இன்னொரு இடத்திலும் பார்க்கலாம். மீனுக்கு ஐஸ் வேண்டும். பெரிய ஐஸ் ஆலைகளில் குளிரூட்டியாக ஓடுவது பெரும்பாலும் அம்மோனியா. அதற்கு விட்டன் ஆகாது, பித்தளையும் செம்பும் ஆகாது. நியோப்ரீனும் உருக்கும் தாங்கும். குளிரூட்டி வேலை தெரிந்தவர்கள் பித்தளைத் துண்டைக் கண்டாலே தூர வைப்பார்கள். அது புத்தகம் படித்து வந்த பயம் இல்லை, வாசனை பிடித்து வந்த பயம்.

இனி ஒரு புதிர். ஒரு போத்தலில் பட்டரி அசிட், அதாவது ஏறத்தாழ 37 வீத சல்பூரிக் அமிலம். இன்னொரு போத்தலில் செறிந்த அசற்றிக் அமிலம், வினாகிரியின் மூல அமிலம். றப்பருக்கு எது பகை? பி.எச். பார்த்தால் பட்டரி அசிட் அரக்கன். ஆனால் விட்டன் வளையம் பட்டரி அசிட்டில் அமைதியாய்க் கிடக்கும், செறிந்த அசற்றிக் அமிலத்தில் ஊதிப் பயனற்றுப் போகும்.

பி.எச். என்பது நீரில் கழன்று திரியும் ஐதரசன் அயன்களின் கணக்கு மட்டுமே. அயன் என்பது மின்னேற்றம் பெற்றது, தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைப் போர்த்துக்கொண்டு திரிவது. றப்பரோ எண்ணெய்க் குணம் கொண்டது. போர்த்துக்கொண்டு வருபவரை அது உள்ளே விடாது. சல்பூரிக் அமிலம் நீரில் பெரும்பாலும் உடைந்து அயனாகிவிடுவதால் வாசலோடு நிற்கிறது. அசற்றிக் அமிலம் "மென்மையான" அமிலம். சமையலறை வினாகிரியில்கூட இருநூறு மூலக்கூறில் ஒன்றளவே உடைந்திருக்கும். மிச்சம் நூற்றித் தொண்ணூற்றொன்பதும் மின்னேற்றமில்லாத முழு மூலக்கூறுகள். அவை போர்வை இல்லாமல் றப்பருக்குள் நேராக நடந்துபோய்விடுகின்றன. நொதித்த திரவங்களைக் கையாளும் ஆலைகள் இந்த அமைதியான ஆட்களைத்தான் கவனிக்க வேண்டும். பி.எச். மீற்றர் இவர்களை எண்ணாது.

சல்பூரிக் அமிலமும் நேரான ஆள் இல்லை. நீர்த்தால் இரும்பைத் தின்னும். 93 வீதத்துக்கு மேல் செறிந்தால் அதே அமிலத்தைச் சாதாரண உருக்குத் தாங்கியில் வைக்கிறார்கள், இரும்புச் சல்பேற்றுப் படலம் ஒன்று சுவரை மூடிக் காப்பாற்றுகிறது. ஆனால் அந்தச் செறிவில் அது இயற்கை றப்பரையும் நைட்ரைலையும் கருக்கிவிடும். நைத்திரிக் அமிலம் வேறு வகை. அது ஒட்சியேற்றும் அமிலம், இரட்டைப் பிணைப்பு எங்கே கண்டாலும் அங்கே கடிக்கும். ஆகையால் "அமிலம் தாங்கும் வாசர்" என்று கடையில் யாராவது தந்தால், எந்த அமிலம், எத்தனை வீதம், எத்தனை பாகைச் சூடு என்று மூன்று கேள்வி கேட்காமல் காசு கொடுக்க வேண்டாம். மூன்றாவது கேள்வியை மறக்கவே வேண்டாம். பத்துப் பாகை கூடினால் பல இரசாயனத் தாக்கங்கள் ஏறத்தாழ இரட்டிப்பு வேகத்தில் நடக்கும். 30 பாகையில் வருடக் கணக்கில் நின்ற வளையம் 90 பாகையில் வாரக் கணக்கில் போவது இதனால்தான்.

இங்கே எங்களுக்குச் சொந்தமான கதை ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. றப்பர் மரம் அக்கரைப்பற்று மண்ணில் நிற்காது, அது களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மழை கூடிய இடங்களில் வளரும் மரம். 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து பெட்டிகளில் 1,919 நாற்றுகள் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. அவை நடப்பட்ட இடம் கம்பஹாவுக்குப் பக்கத்து ஹெனரத்கொட. இன்றும் அந்த மரத்தின் பாலை உறையவைப்பது அமிலம்தான். பாலில் மிதக்கும் றப்பர் துணிக்கைகள் புரதத் தோலில் எதிர் மின்னேற்றத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. போமிக் அமிலம் ஊற்றி பி.எச். 5க்குக் கீழே இறக்கினால் அந்த ஏற்றம் அணைந்து எல்லாம் ஒட்டிக் கட்டியாகும். தயிர் உறைவதும் இப்படித்தான், அங்கே அமிலத்தைப் பற்றீரியா தருகிறது. அமிலத்தில் பிறந்ததாலோ என்னவோ இயற்கை றப்பர் ஐதரோகுளோரிக் அமிலத்தோடு விசித்திரமான நட்பு வைத்திருக்கிறது. அந்த அமிலம் அதன் மேற்பரப்போடு சேர்ந்து விறைத்த தோல் ஒன்றை உண்டாக்க, அந்தத் தோலே மேற்கொண்டு அமிலம் போகாமல் தடுக்கிறது. ஐதரோகுளோரிக் அமிலத் தாங்கிகளின் உட்சுவரில் இயற்கை றப்பரை ஒட்டுவது பழைய நல்ல வழக்கம்.

றப்பரைச் சரியாய்த் தெரிவு செய்துவிட்டீர்கள் என்று வைப்போம். சுருள் இருக்கிறது. 304 என்ற துருவேறா உருக்கில் செய்த மெல்லிய சுருள், கடல்நீரில் கூடப் பிழைக்காது. எங்கள் கடலின் பி.எச். 8 அளவில்தான், அமிலமே இல்லை. ஆனால் குளோரைட்டு உருக்கின் காப்புத் தோலில் ஊசி குத்துவதுபோல் துளை போடும். 2 முதல் 3 வீத மொலிப்டினம் கலந்த 316 கொஞ்சம் தாங்கும். குளோரைட்டும் அமிலமும் சேர்ந்து வந்தால் நிக்கல் அடிப்படையிலான ஹாஸ்டெலோய் போன்ற விலை கூடின உலோகம்தான் கதி. பழைய கைகள் சொல்லும் ஒரு சின்ன உபாயம் உண்டு. அரிக்கும் திரவத்தில் பல மெல்லிய சுருளுக்குப் பதில் தடித்த ஒரே சுருளைப் போடு, அரிக்க இன்னும் மிச்சம் இருக்கும். அதைவிட நல்லது, சுருளைத் திரவம் படாத பக்கம் வைப்பது.

தட்டுகளிலும் இதே விளையாட்டு. தங்ஸ்டன் காபைட்டு கடினமானது. ஆனால் அதன் மணிகளை ஒட்டிப் பிடிக்கும் கோபால்ட்டை அமிலம் கழுவிக்கொண்டு போய்விடும், முகம் மணல் தாள்போல் ஆகும். சிலிக்கன் காபைட்டில் இரண்டு வகை. தாக்கத்தால் கட்டியதில் பத்து வீதமளவு தனிச் சிலிக்கன் தங்கியிருக்கும், அதைக் காரம் தின்னும். தூளைச் சுட்டு ஒட்டவைத்ததில் அந்த மிச்சம் இல்லை. ஒரு திரவம் அமிலமென்றால் கோபால்ட்டைக் கவனி, காரமென்றால் தனிச் சிலிக்கனைக் கவனி. இரண்டும் மாறி மாறி வரும் கழுவும் நாளுக்குச் சுட்ட சிலிக்கன் காபைட்டுத்தான் பத்திரம். சீனிப் பாகு என்றால் இன்னொரு தலையிடியும் உண்டு. முகங்களுக்கிடையே பாகு காய்ந்து மணியானால் கண்ணாடித் துண்டு போல் கீறும். அங்கே இரசாயனம் ஒன்றும் குற்றவாளி அல்ல, முகங்களைக் கழுவும் வெந்நீர் ஓட்டம் குறைந்ததுதான் குற்றம்.

"எதற்குமே அசையாத பொருள் இல்லையா?" என்பார்கள். இருக்கிறது. 1938 ஏப்ரல் 6இல் டியூபொன்ட் ஆய்வாளர் ரோய் பிளங்கெட் ஒரு வாயு உருளையைத் திறந்தார். வாயு வரவில்லை, ஆனால் உருளையின் எடை குறைந்திருக்கவும் இல்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை மெழுகுத்தூள். அதுதான் டெஃப்லோன், எங்கள் பிளம்பர் குழாய்ச் சுரையில் சுற்றும் திரெட் டேப்பின் பொருள். யுரேனியம் ஹெக்சாபுளோரைட்டு என்ற கொடிய வாயுவைத் தாங்கும் கஸ்கட் வேண்டும் என்றபோது அணுகுண்டுத் திட்டத்துக்கு இது கைகொடுத்தது. காபனும் புளோரினும் கைகோத்த பிணைப்பை எந்தச் சமையலறைப் புளியும், எந்தத் தொழிற்சாலைப் புளியும் பிரிக்காது. ஆனால் டெஃப்லோனுக்கு நினைவு கிடையாது. நசுக்கினால் நசுங்கியபடியே மெல்ல வழிந்துபோகும், திரும்பி வராது. வளையத்தின் வேலையே திரும்பி வருவதல்லவா? ஆகவே உள்ளே றப்பரோ சுருளோ வைத்து மேலே டெஃப்லோன் தோல் போர்த்துகிறார்கள். முழுக்கத் தாங்கும், திரும்பியும் வரும் என்ற இரண்டையும் ஒன்றாய்த் தருவது பெர்ஃபுளோரோ றப்பர். அதன் விலையைக் கேட்டால் பம்பியையே மாற்றிவிடலாமோ என்று தோன்றும்.

ஒரு பரிசோதனை செய்துபாருங்கள். கடையில் ஒரே அளவான மூன்று வகை வாசர் வாங்குங்கள். மூன்று சின்னக் கண்ணாடிப் போத்தலில் வினாகிரி ஊற்றுங்கள். பழக்கமான நகைக்கடையில் தராசைக் கேட்டு ஒவ்வொரு வாசரையும் நிறுத்து எழுதிக்கொண்டு, ஒவ்வொரு போத்தலிலும் ஒன்றைப் போட்டு மூடிவிடுங்கள். றப்பர் ஆய்வுகூடங்கள் இதே சோதனைக்குப் பயன்படுத்தும் காலங்களில் ஒன்று 70 மணித்தியாலம். எடுத்து, துடைத்து, மறுபடி நிறுங்கள். எடை ஏறியிருந்தால் உள்ளே போயிருக்கிறது. அசையாத மூட்டில் கனவளவு 20 வீதம் ஊதினால்கூடப் பொறுக்கலாம், சுழலும் அச்சில் அதன் பாதியே தொல்லை. பிறகு நகத்தால் அழுத்தி, எவ்வளவு வேகமாய்த் திரும்புகிறது என்றும் பாருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் பன்னிரண்டு மணிக்குப் போட்டால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எடுக்க வேண்டும். பேப்பரில் குறித்து வையுங்கள், மறந்துவிடும்.